தின்னர் பீப்பாய்களுக்கு எந்த நிலம்? சிங்கப்பூரில் ஒரு சிறு வேதிப்பொருள் கிடங்கின் நிகழ்வு ஆய்வு

ஆபத்தான வேதிப்பொருள்களைச் சேமித்து விற்க முனையும் சிறு வணிகர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது எந்த வகை அலமாரி வாங்குவது, எத்தனை தீயணைப்பான்களை மாட்டுவது, யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்பதைத்தான். சிங்கப்பூரின் அனுமதி முறையோ அதற்கு முன்பாகவே வேறொன்றைக் கேட்கிறது. அந்தப் பொருள் எந்த நிலத்தில், யாருக்குப் பக்கத்தில், எந்த வடிகாலுக்கு மேலே வைக்கப்படப் போகிறது? இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததால் ஒரு நிறுவனம் பட்ட சிரமத்தையும், அதிலிருந்து அது பெருமளவு மீண்ட விதத்தையும் இங்கே விரிவாகப் பார்க்கலாம். வேலையிடப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற முறையில் இந்த விவகாரத்தை அருகிலிருந்து கவனித்தேன். நிறுவனத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

நிறுவனத்தை நடத்துபவர்கள் இருவர். மூத்தவர் சாயம் பூசும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்து, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். இளையவர் அவருடைய மைத்துனர். சாயப் பணிக்காரர்களுக்குச் சாயத்தை இளக்கும் கரைப்பானான தின்னர், கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல்குளங்களைப் பராமரிப்பவர்களுக்குக் கரைசலாகவும் தூளாகவும் குளோரின், கட்டட வேலை முடிந்தபின் தரை ஓடுகளில் படிந்திருக்கும் சிமெண்டைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம், உணவுக்கடைச் சமையலறைகளின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றக் காரக் கரைசல் என்று நான்கு வகைச் சரக்கை அவர்கள் விற்றுவந்தார்கள். தொடக்கத்தில் மொத்த வியாபாரியின் லாரியிலிருந்தே வாடிக்கையாளரின் இடத்துக்குச் சரக்கு போய்விடும் என்பதால் கிடங்கு தேவைப்படவில்லை. வாடிக்கையாளர் பெருகியதும், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் வீடுகளுக்குப் புதுச் சாயம் பூசும் வேலை குவிந்து தின்னர் கிடைப்பதே தட்டுப்பாடாகிவிடுவதும், சொந்தமாகச் சரக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை உண்டாக்கின.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், காலாங் ஆற்றுக்கு மழைநீர் வடியும் வட்டாரத்தில், சாலைக்கு எதிர்ப்புறம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் இருக்கும் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தின் நான்காவது மாடி. வாடகை கட்டுபடியானது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தார்கள். சொத்து முகவர் "கிடங்குக்குத் தாராளமா விடலாம்" என்று சொன்னார். அவர் சொன்னது பொய்யும் அல்ல, ஏனென்றால் அந்த நிலம் தொழில் நிலங்களில் பி1 என்ற வகையைச் சேர்ந்தது, பி1 நிலத்தில் கிடங்கு என்பது அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளில் ஒன்றுதான். மூன்றாண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டு, முன்பணம் கட்டி, எளிதில் தீப்பற்றும் திரவங்களுக்கான மஞ்சள் இரும்பலமாரிகளையும் வாங்கி வைத்த பிறகுதான் அவர்கள் அனுமதிக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தார்கள்.

நிலத்தின் வகை என்ன சொல்கிறது

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் சிங்கப்பூரின் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பயன்பாட்டை ஒதுக்கியிருக்கிறது. தொழில் நிலங்களில் பி1, பி2 என்ற இரண்டும் முக்கியமானவை. சுற்றியிருப்பவர்களுக்குத் தொல்லை தராமலிருக்க 50 மீட்டருக்கு மேல் இடைவெளி தேவைப்படாத தொழில்கள் பி1 நிலத்தில் நடக்கலாம். அதற்கு மேற்பட்ட இடைவெளியோ, உடல்நலம் அல்லது பாதுகாப்பு கருதிய தனி இடைவெளியோ தேவைப்படுபவை பி2 நிலத்துக்குப் போக வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதில் முக்கியப் பங்கு தேசியச் சுற்றுப்புற வாரியத்துடையது. தூய தொழில், இலகுவான தொழில், பொதுத் தொழில், சிறப்புத் தொழில் என்று அது வகைப்படுத்துகிறது. குடியிருப்புக்கும் இலகுவான தொழிலுக்கும் இடையே 50 மீட்டர், பொதுத் தொழிலுக்கு 100 மீட்டர், சிறப்புத் தொழிலுக்கு 500 மீட்டரும் அதற்கு மேலும் என்பது பொதுவான அளவுகோல்.

இங்கேதான் முதல் சறுக்கல் நேர்ந்தது. பெருந்திட்ட வரைபடத்தின் வண்ணம் ஒரு நிலத்தில் எந்த வகைத் தொழிலைப் பற்றி யோசிக்கலாம் என்பதை மட்டுமே சொல்கிறது; இன்ன பொருளை இன்ன அளவில் வைக்கலாம் என்ற உரிமையை அது தருவதில்லை. துணி மூட்டைகளை அடுக்கும் கிடங்குக்கும் டொலுயீன் கலந்த தின்னர் பீப்பாய்களை அடுக்கும் கிடங்குக்கும் திட்ட வரைபடத்தில் வேறுபாடு தெரியாது, ஆனால் சுற்றுப்புற வாரியமும் தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையும் அவ்விரண்டையும் ஒன்றாகப் பார்க்க மாட்டா. தொழில் இடத்தை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ முன்பே அங்கே செய்யப்போகும் வேலையைச் சுற்றுப்புற வாரியத்திடம் விவரித்து, அந்த இடம் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. சிறு வணிகர்களில் பலருக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தவர்களும் நல்ல வாடகைக்கு வந்த இடம் கைநழுவிப் போய்விடுமோ என்ற அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரே கடை, பல மேசைகள்

நிறுவனத்தின் நான்கு வகைச் சரக்கும் ஒரே அலுவலகத்தின் பார்வைக்குள் வருவதில்லை. தின்னர், தீப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெட்ரோலியத்துக்கும் எளிதில் தீப்பற்றும் பொருள்களுக்கும் 2005ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட விதிமுறைகளுக்கு உட்பட்டது. விலக்களிக்கப்பட்ட சிறு அளவைத் தாண்டினால் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் சேமிப்பு உரிமம் வேண்டும். செறிவான அமிலங்கள், சுற்றுப்புறப் பாதுகாப்பு, நிர்வாகச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற அபாயப் பொருள்கள். அவற்றை இறக்குமதி செய்யவோ விற்கவோ சுற்றுப்புற வாரியத்தின் உரிமமும், சேமிக்கவோ பயன்படுத்தவோ அதன் அனுமதியும் தேவை. அந்த அட்டவணை பல பொருள்களுக்கு ஒரு செறிவு வரம்பையும் சொல்வதால், ஒரே அமிலம் அடர்த்தியாக இருக்கையில் கட்டுப்பாட்டுக்குள்ளும் நீர்த்த நிலையில் அதற்கு வெளியிலும் இருக்கலாம். வேலையாள்களுக்குப் பொருளின் ஆபத்துகளை விளக்கும் பாதுகாப்புத் தரவுத்தாள் கிடைக்கிறதா, கொள்கலன்களில் சரியான எச்சரிக்கைக் குறியீடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது மனிதவள அமைச்சின் பொறுப்பு. பொட்டாசியம் நைட்ரேட், செறிவு மிகுந்த ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றைச் சேர்த்தால் காவல்துறையும் உள்ளே வரும். இவை போக, இடத்தின் உரிமையாளருடைய சம்மதம் தனி. அரசாங்கத் தொழிற்கூடங்கள் என்றால் அது பெரும்பாலும் ஜேடிசி கழகமாக இருக்கும். வீவகவின் தொழிற்கூடங்களும் 2018 ஜனவரி முதல் அதனிடம்தான் இருக்கின்றன.

இத்தனை மேசைகள் தேவைதானா என்று மைத்துனர் கேட்டார். கேள்வியில் நியாயம் உண்டு, ஏனென்றால் ஐந்து பணியாளர்கள் உள்ள நிறுவனத்துக்கும் ஐந்நூறு பணியாளர்கள் உள்ள நிறுவனத்துக்கும் படிவங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயினும் ஒவ்வொரு மேசையும் பார்ப்பது வெவ்வேறு ஆபத்தை. தற்காப்புப் படை நெருப்பைப் பார்க்கிறது, சுற்றுப்புற வாரியம் நச்சையும் கசிவையும் பார்க்கிறது, மனிதவள அமைச்சு பொருளைக் கையால் தொடுபவரைப் பார்க்கிறது. ஒன்றின் சம்மதத்தை மற்றொன்றுக்கான சான்றாகக் காட்ட முடியாது.

நான்காவது மாடியில்

மூத்தவர் பெருமையோடு காட்டிய மஞ்சள் அலமாரிகள் தரமானவை. அவருடைய ஆதங்கமும் அங்கிருந்தே வந்தது.

"அலமாரி வாங்கியாச்சு, ஃபோம் தீயணைப்பான் வாங்கியாச்சு, தம்பிய கோர்ஸுக்கு அனுப்பியாச்சு. இன்னும் என்ன சார் வேணுமாம் அவங்களுக்கு?"

"அண்ணே, அவங்க உங்க அலமாரிய குறை சொல்லலை. கீழ் மாடியில யாரு இருக்காங்கன்னு பார்க்கறாங்க."

கீழ் மாடியில் பரோட்டா தட்டி, அரைவேக்காட்டில் எடுத்து, உறைய வைத்து விற்கும் உணவுக்கூடம் ஒன்று இருந்தது. காலை முதல் மாலை வரை சூடான தட்டுகள் அணைவதில்லை. பக்கத்து யூனிட்டில் அச்சகம். சரக்கு ஏற்றி இறக்க மாடி முழுமைக்கும் ஒரே மின்தூக்கி.

டொலுயீனின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது நெருப்பு பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி வெளிவரத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 4 பாகை செல்சியஸ். பிற்பகலில் 31, 32 பாகையைத் தொடும் சிங்கப்பூரில் மூடி திறந்த ஒரு பீப்பாய் எப்போதும் பற்றத் தயாரான நிலையிலேயே இருக்கிறது. குளிர்நாட்டுக் கையேடுகளில் பாதுகாப்பானது என்று குறிக்கப்படும் சில கரைப்பான்கள்கூட இங்கே அந்தத் தகுதியை இழந்துவிடுகின்றன. டொலுயீன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது, ஆகவே அது மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்து தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். காற்றில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கலந்தாலே அது பற்றும் நிலைக்கு வந்துவிடும்.

இந்த மூன்று விவரங்களையும் அந்த மாடியின் அமைப்போடு சேர்த்துப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். 200 லிட்டர் பீப்பாயை ஏற்றிய தள்ளுவண்டி மின்தூக்கியின் வாசலில் உள்ள இரும்பு விளிம்பைத் தாண்டும்போது ஒரு சக்கரம் இறங்கி, பீப்பாய் சாய்ந்து, மூடி தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாசலுக்கும் கூண்டுக்கும் இடையே உள்ள இரண்டு விரல் அகல இடுக்கு வழியாகத் திரவம் மின்தூக்கிக் குழிக்குள் வடியும். குழியில் காற்றோட்டம் கிடையாது, மின்கம்பிகளும் தொடுப்பான்களும் இருக்கின்றன. மாடிதோறும் கதவு உள்ள அந்தக் குழாய் போன்ற கூடம், நான்காவது மாடியின் கசிவை முதல் மாடி வரை கொண்டுபோகும். அலமாரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பீப்பாய் அதற்குள் போய்ச் சேரும் பாதையும் வெளியே வரும் பாதையும் பிறரோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. குடிமைத் தற்காப்புப் படை அந்த அளவுச் சரக்குக்கு ஒப்புதல் தராததன் அடிப்படை இதுதான். என் பார்வையில் அந்த முடிவு கடுமையானதல்ல. வேறு முடிவு எடுத்திருந்தால்தான் வியந்திருப்பேன்.

மற்ற சரக்குகளின் நிலையும் அவ்வளவு எளிதல்ல. ஒரே சுவரோரம் நீலக் கேன்களில் குளோரின் கரைசலான சோடியம் ஹைப்போகுளோரைட்டும், அதை அடுத்து வெள்ளைக் கேன்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அடுக்கப்பட்டிருந்தன. கேன்களின் அளவு ஒன்றாக இருந்ததால் அடுக்குவதற்கு வசதியாக இருந்தது என்றார்கள். அவ்விரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நெருப்பில்லாமலே ஒரு மாடியை ஆளில்லாமல் செய்துவிடும். நீச்சல்குளங்களுக்கான கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் எண்ணெயோ கரைப்பானோ பட்டால் தானாகச் சூடேறிப் பற்றக்கூடியது. அது தின்னர் அலமாரிக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு சிறிய யூனிட்டுக்குள் அமிலம், காரம், ஆக்சிஜனேற்றி (குளோரின் பொருள்கள்), கரைப்பான் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று சேராத தூரத்தில், கசிவு வெளியேறாதபடி கட்டிய தனித்தனித் தடுப்பு வரம்புக்குள் வைக்க முயன்றால் நடப்பதற்கு இடம் இருக்காது. யூனிட்டின் அளவே சரக்கின் வகையைத் தீர்மானிக்கும் என்பதைக் குத்தகை எடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

வடிகால் எங்கே போகிறது

விண்ணப்பத்தில் அவர்கள் சற்றும் எதிர்பாராத கேள்வி தண்ணீரைப் பற்றியது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டதும், நாட்டின் நிலத்தில் ஆறில் ஒரு பங்கான சுமார் 10,000 ஹெக்டர் பரப்பில் பெய்யும் மழை குடிநீராகும் வழிக்கு வந்தது. 2011இல் பொங்கோல், சிராங்கூன் நீர்த்தேக்கங்கள் சேர்ந்தன. முன்பு கடலில் போய் முடிந்த காலாங் ஆறும் கேலாங் ஆறும் இப்போது மரினா நீர்த்தேக்கத்தில் முடிகின்றன. ஆற்றோரத் தொழிற்கூடங்களில் பல அணைக்கட்டுக்கு முந்தைய காலத்தவை. கட்டடங்கள் அப்படியேதான் இருக்கின்றன, அவற்றின் வாசலில் ஓடும் நீர்தான் வேறு இடத்துக்குப் போகிறது.

கழிவுநீருக்கும் மழைநீருக்கும் சிங்கப்பூரில் தனித்தனிப் பாதைகள் உண்டு. கட்டடத்துக்குள் கொட்டுவது கழிவுநீர்க் குழாய்க்குப் போகலாம். திறந்தவெளியில் கொட்டுவது மழைநீர் வடிகால் வழியாக நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகும். அந்தத் தொழிற்கூடத்தில் லாரிகள் நிற்கும் இடத்துக்குக் கூரை இருந்தது, ஆனால் கூரையின் விளிம்பு லாரியின் பின்புறத்துக்கு எட்டவில்லை. பீப்பாய்களை இறக்கும் வேலை முழுவதும் கூரைக்கு வெளியே, வடிகாலின் இரும்புக் கம்பி மூடியிலிருந்து சில அடி தூரத்தில் நடந்துவந்தது. நான் அங்கே நின்ற அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பி மூடியின்மேல் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அது யாருடைய லாரியில் சொட்டியதோ தெரியாது, ஆனால் சுற்றுப்புற வாரியமும் நாட்டின் நீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும் எதைக் கருதிக் கேள்வி கேட்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வேதிப்பொருள்களைப் பெருமளவில் வைத்திருக்கும் தொழில்களை நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே நிறுத்துவது சுற்றுப்புற வாரியத்தின் நெடுநாள் கொள்கை. மற்ற இடங்களிலும் கூரை, திரவம் ஊறாத தரை, ஒரு தொட்டி முழுதும் உடைந்து கொட்டினாலும் தாங்கும் தடுப்பு வரம்பு ஆகியவை கட்டாயம். இந்தக் கொள்கையின் விளைவாகத்தான் துவாஸ், ஜூரோங் போன்ற மேற்குப் பகுதிகளை நோக்கி வேதிப்பொருள் கிடங்குகள் நகர்ந்திருக்கின்றன. நகரின் நடுவில் வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் சிறு வணிகருக்கு இது தூரமும் செலவும்தான். இந்தச் சுமையை அரசாங்கத் தரப்பு விளக்கங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தூரத்தின் கணக்கு

இந்த ஒதுக்கல் கொள்கையின் உச்சம் ஜூரோங் தீவு. சாக்ரா, சிராயா, மெர்லிமாவ், ஆயர் சாவான் உள்ளிட்ட ஏழு தீவுகளை மண் நிரப்பி இணைத்து உருவாக்கிய அந்த நிலம் 2000 அக்டோபர் 14 அன்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. 3,000 ஹெக்டரைத் தாண்டும் பரப்பில் குடியிருப்பு என்று ஒன்றுகூட இல்லை, அனுமதிச்சீட்டு இல்லாமல் உள்ளே போகவும் முடியாது. 2014இல் திறக்கப்பட்ட ஜூரோங் பாறைக் குகைகள் இன்னொரு படி மேலே, அல்லது கீழே, போய்விட்டன: 14 லட்சத்து 70 ஆயிரம் கனமீட்டர் எண்ணெய்ப் பொருள்களைத் தரைமட்டத்துக்கு 130 மீட்டர் ஆழத்தில் வைத்து, மேலே சுமார் 60 ஹெக்டர் நிலத்தை மிச்சப்படுத்தியிருக்கின்றன. தீவின் பயன் என்ன என்பதற்கு இணைப்புக்கு முந்தைய ஒரு சான்று உண்டு. 1988 அக்டோபர் 25 அன்று மெர்லிமாவ் தீவில் எளிதில் தீப்பற்றும் பெட்ரோலியத் திரவமான நாஃப்தாவின் தொட்டிகள் பற்றி நாள்கணக்கில் எரிந்தன. புகை நகரத்திலிருந்து தெரிந்தது, ஆனால் அந்த நெருப்புக்கு அருகில் குடியிருப்பு இல்லை.

பெரிய நிலையங்களுக்கு 50, 100 என்ற மீட்டர் கணக்கு போதாது என்பதால், எண்ணளவு அபாய மதிப்பீடு என்ற முறையில் ஆண்டு ஒன்றுக்கு ஒருவர் உயிரிழக்கக்கூடிய வாய்ப்பைக் கோடுகளாக வரைபடத்தில் இட்டுப் பார்க்கிறார்கள். 20,000இல் ஒன்று என்ற வாய்ப்பைக் குறிக்கும் கோடு நிலையத்தின் வேலிக்குள் அடங்க வேண்டும். 200,000இல் ஒன்று என்ற கோடு தொழில் நிலங்களுக்குள் மட்டுமே நீளலாம். பத்து லட்சத்தில் ஒன்று என்ற கோடு வணிக இடங்களைத் தொடலாம், வீடுகளைத் தொடக் கூடாது. மிகப் பெரிய நிலையங்களுக்கு 2017 செப்டம்பர் முதல் தனி விதிமுறைகளும் நடப்பில் உள்ளன. தங்கள் நிலையம் ஏன் பாதுகாப்பானது என்பதை அவை ஆவணமாக எழுதி வாதிட்டு நிலைநாட்ட வேண்டும்.

தூரம் மதிக்கப்படாதபோது நடப்பதற்குச் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு ஓர் உதாரணம். 2015 ஆகஸ்ட் 12 இரவு அங்கே நடந்த வெடிப்புகளில் 173 பேரின் உயிர் போனது. அந்த வகைக் கிடங்குக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் இடையே 1,000 மீட்டர் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு விதியே சொன்னது. வீடுகளோ சுமார் 600 மீட்டரில் இருந்தன. பெய்ரூத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்த பிறகு, 2015இல் சுங்கத்துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அதே பொருள் சென்னை மணலியில் சரக்குப் பெட்டகங்களில் கிடக்கும் செய்தி வெளியாகி, சில நாள்களில் அது அங்கிருந்து அகற்றப்பட்டதைத் தமிழ் வாசகர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். ஐந்தாண்டுகள் அங்கே இருந்த ஒன்று சில நாள்களில் போய்விட்டது என்றால், போக்கும் வழி தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது.

எப்படித் தீர்ந்தது

குத்தகையை முறித்தால் முன்பணம் போகும், முறிக்காவிட்டால் சரக்கு வைக்க முடியாத யூனிட்டுக்கு வாடகை கட்ட வேண்டும். இளையவர் ஒரு யோசனை சொன்னார்: "அத்தான், விலக்கு அளவுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சமா வச்சுக்குவோம். தினமும் ரெண்டு தடவை லாரி ஓட்டினா போச்சு." சட்டப்படி அதில் தவறில்லை. நடைமுறையில் அது நிலைக்காது என்பது என் கருத்தாக இருந்தது, ஏனென்றால் விலக்கு அளவு என்பது யூனிட்டுக்குள் எந்த நேரத்திலும் இருக்கக்கூடிய உச்ச அளவைக் குறிக்கும், வாரச் சராசரியை அல்ல. ஒரு வாடிக்கையாளர் வாங்காமல் திருப்பியனுப்பிய ஒரு பீப்பாய் போதும், வரம்பைத் தாண்டிவிட.

கடைசியில் அவர்கள் சரக்கைப் பொருள் வாரியாகப் பிரித்தார்கள். தின்னர் முழுவதும் மேற்குப் பகுதியில் உரிமம் பெற்ற அபாயப் பொருள் கிடங்கு ஒன்றுக்குப் போனது. அங்கே சரக்கை அடுக்கும் தட்டுகளின் கணக்கில் வாடகை கட்டி, வாடிக்கையாளர் கேட்கும் நாளில் அங்கிருந்தே உரிமம் பெற்ற வாகனத்தில் அனுப்புகிறார்கள். அபாயப் பொருள் வாகனங்கள் விரைவுச்சாலைச் சுரங்கப்பாதைகளுக்குள் போகக் கூடாது, ஓட்டுநருக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால், காலையில் கேட்டால் மதியம் கிடைக்கும் என்ற பழைய வேகம் போய்விட்டது. முதல் நாளே சொல்லிவிடும்படி வாடிக்கையாளர்களைப் பழக்க வேண்டியிருந்தது. செறிவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கைவிட்டு, சிமெண்ட் படிவுகளுக்குச் சல்ஃபாமிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்ட பொருளுக்கு மாறினார்கள். வேலை சற்று மெதுவாக நடக்கிறது என்று சில ஒப்பந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், இருவர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். நீச்சல்குளக் குளோரினில் கரைசலை மட்டும், உரிமையாளரும் அதிகாரிகளும் ஏற்றுக்கொண்ட அளவில், தனித் தடுப்புக்குள் வைத்துக்கொண்டு, தூளை நிறுத்தினார்கள். நான்காவது மாடி யூனிட் இப்போது சோப்புக் கரைசல்கள், துடைப்பான்கள், கையுறைகள், பொட்டலம் கட்டும் மேசை ஆகியவற்றுக்கு. பி1 நிலத்தில் மொத்தத் தளப்பரப்பில் குறைந்தது 60 விழுக்காடு தொழிலுக்கோ கிடங்குக்கோ பயன்பட வேண்டும் என்ற விதி இருப்பதால், காலியான இடத்தை அலுவலகமாக்கிவிடலாம் என்ற அவர்களுடைய அடுத்த எண்ணத்துக்கும் ஓர் எல்லை இருந்தது.

செலவு கூடியது, லாபம் குறைந்தது, தொழில் நின்றுவிடவில்லை. குத்தகைக்கு முன்பே இதே ஏற்பாட்டுக்கு வந்திருந்தால் பாதி அளவுள்ள யூனிட்டே போதுமாக இருந்திருக்கும்.

சுவருக்கு உள்ளே

நில ஒதுக்கீட்டு விதிகளைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அவற்றால் முடியாததையும் சொல்லியாக வேண்டும். அவை முதன்மையாகச் சுவருக்கு வெளியே வாழ்பவரையும் கீழே ஓடும் நீரையும் காக்கின்றன. சுவருக்கு உள்ளே நின்று கேனைத் தூக்குபவர், பெரும்பாலும் தமிழகத்திலிருந்தோ பங்ளாதேஷிலிருந்தோ வந்த ஓர் ஊழியர், துவாஸில் இருந்தாலும் காலாங்கில் இருந்தாலும் அந்தக் கேனிலிருந்து ஒரு கை தூரத்தில்தான் இருக்கிறார்.

2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் அவென்யூ 11இல் ஒரு பட்டறையில் நடந்த வெடிப்பில் மூவர் மாண்டனர், எழுவர் காயமடைந்தனர். துவாஸ் கனரகத் தொழில்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட வட்டாரம். எரிந்த பொருளும் எந்த அபாயப் பட்டியலையும் பார்த்துப் பயப்பட வேண்டிய ஒன்றாக யாருக்கும் தோன்றியிராது: உருளைக்கிழங்கு மாவு. தீத்தடுப்புக்கான ஒரு பொருளைத் தயாரிக்க அதைக் கலந்துகொண்டிருந்த இயந்திரத்தில், அதைச் சூடாக்கும் எண்ணெய் உறை வெடித்தது, அதைத் தொடர்ந்து காற்றில் எழுந்த மாவுத்தூசி பற்றியது என்று விசாரணையில் தெரியவந்தது. அதன் பிறகு எரியக்கூடிய தூசு தொடர்பான கண்காணிப்பு இறுக்கப்பட்டது. நிலமும் தூரமும் சரியாக இருந்தும் உள்ளே இருப்பவருக்கு அவை உதவவில்லை. ஆகவேதான் நான்காவது மாடியின் சரக்கு குறைந்த பிறகும், எஞ்சியிருந்த கேன்களுக்குத் தமிழிலும் வங்காளத்திலும் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று வற்புறுத்தினேன். விதி கேட்கும் குறியீடுகள் ஆங்கிலத்திலேயே வந்துவிடுகின்றன, படிக்க வேண்டியவர் அவற்றைப் படிப்பதில்லை.

இந்த நிகழ்வில் இன்னும் முடியாத ஒன்று காலிப் பீப்பாய்கள். வாடிக்கையாளர்கள் தின்னர் தீர்ந்ததும் பீப்பாயைப் பழைய பழக்கப்படி நான்காவது மாடி முகவரிக்கே திருப்பியனுப்புகிறார்கள். அடியில் ஒரு குவளை அளவு கரைப்பான் தங்கிய காலிப் பீப்பாய் நிறைந்த பீப்பாயைவிட ஆபத்தானது. நிறைந்ததில் ஆவிக்கு இடமில்லை, காலியானதில் ஆவியும் காற்றும் பற்றுவதற்கேற்ற விகிதத்தில் கலந்து நிற்கின்றன. பீப்பாய்களை மேற்குக் கிடங்கே திரும்ப எடுத்துக்கொள்ளவும், எஞ்சிய கரைப்பானை நச்சுத் தொழிற்கழிவு சேகரிக்க உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கவும் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கான கூடுதல் கட்டணத்தை யார் ஏற்பது என்பதில் மூத்தவருக்கும் அவருடைய மிகப் பெரிய வாடிக்கையாளருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. அதுவரை திரும்பி வரும் பீப்பாய்களைக் கட்டடத்துக்குள் ஏற்றாமல் வந்த லாரியிலேயே மேற்குக்கு அனுப்பிவிடுகிறார்கள்.